பங்க்கில் ஆள் இருக்கிறார், சார்ஜரில் யாரும் இல்லை: மூத்த ஓட்டுநர்களை மறந்துவிட்ட மின்சாலை

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு மரக்காணம் வந்துவிட்டதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பளங்கள், வெயிலில் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளைக் குவியல்கள், முகத்தில் அடிக்கும் உப்புக் காற்று. புதுச்சேரிக்கு இன்னும் 35 கிலோமீட்டர்தான். ஆனால் மின்சாரக் காரில் வருகிறவருக்கு இந்த இடத்தில்தான் கணக்குப் போடும் வேலை ஆரம்பிக்கும். இருக்கிற சார்ஜில் போய்ச் சேர்ந்துவிடலாமா? இல்லை, எங்காவது நிறுத்தி ஏற்றிக்கொள்ள வேண்டுமா?

ஒரு காட்சியை மனதில் ஓட்டிப் பார்ப்போம். கணவருக்கு 68 வயது, மனைவிக்கு 64. மதியம் ஒரு மணி. சாலையோரம் ஒரு சார்ஜர் நிற்கிறது. நிழல் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. அவர் இறங்கிப் போய்ப் பார்க்கிறார். திரையில் வெயில் பட்டு ஒன்றும் தெரியவில்லை. ஒட்டியிருக்கும் எண்ணுக்குப் போன் போட்டால், “சார், முதல்ல ஆப் டவுன்லோட் பண்ணுங்க, அப்புறம் ரிஜிஸ்டர் பண்ணுங்க, ஓடிபி வரும்” என்கிறது மறுமுனை. படிக்கும் கண்ணாடி காருக்குள் இருக்கிறது. சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது. “பெட்ரோல் வண்டியா இருந்தா இந்நேரம் பாண்டி போய்ச் சேர்ந்திருப்போம்” என்கிறார் மனைவி.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் மின்சாரக் கார் வைத்திருக்கும் வீடுகளில் இதைப் படித்துவிட்டுத் தலையாட்டாதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். இதை ‘வயசானவங்களுக்கு டெக்னாலஜி வராது’ என்று சிரித்துவிட்டுக் கடந்து போவது சரியா? குறை மனிதரிடம் இருக்கிறதா, இல்லை, நாம் கட்டி வைத்திருக்கும் ஏற்பாட்டில் இருக்கிறதா?

மூத்தவர்களுக்கு ஏற்ற கார், ஏற்காத சார்ஜர்

உண்மையில், மூத்த ஓட்டுநர்களுக்கு மின்சாரக் காரைப் போல் வசதியான வண்டி வேறு இல்லை. கிளட்ச் கிடையாது, கியர் மாற்ற வேண்டியதில்லை. முட்டி வலிக்காரருக்கு இது பெரிய விடுதலை. சத்தமும் அதிர்வும் இல்லை. வீட்டிலேயே இரவில் 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டிவிட்டுத் தூங்கலாம். ஊருக்குள் கோயில், மருத்துவமனை, கடைத்தெரு என்று போய் வருகிறவர் பொது சார்ஜரைத் தேடவே வேண்டியதில்லை.

சிக்கல், ஊரைத் தாண்டும்போதுதான். பேரன் பேத்தியைப் பார்க்க, கல்யாணம் காட்சிக்கு, மருத்துவப் பரிசோதனைக்கு என்று 150 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும் என்றால் வழியில் ஒரு முறையாவது ஏற்றியாக வேண்டும். அந்த ஒரு முறை பயமாக இருந்தால் பயணமே நின்றுவிடும். “பசங்க லீவுக்கு வரட்டும், அப்புறம் போய்க்கலாம்” என்று தள்ளிப்போடுவதில் போய் முடியும். நடமாட்டம் குறைவதுதான் முதுமையின் முதல் இழப்பு. அதைச் சார்ஜரும் சேர்ந்து செய்ய வேண்டுமா?

இது ஏதோ நாலு பேருடைய கவலை அல்ல. மக்கள்தொகை மதிப்பீடுகளின்படி 2021-ல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2031-ல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்கிறது அதே கணிப்பு. 55 வயதைக் கடந்தவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு மருத்துவச் சான்றும் தர வேண்டும். அதாவது, ‘இவர் ஓட்டத் தகுதியானவர்’ என்று அரசே முத்திரை குத்தி அனுப்புகிறது. சாலை அவரை ஏற்றுக்கொள்கிறது. சாலையோரச் சார்ஜர் ஏற்றுக்கொள்வதில்லை.

சார்ஜ் போடுவதில் என்னதான் கஷ்டம்?

பெட்ரோல் பங்க்கில் நாம் செய்வது என்ன? வண்டியை நிறுத்துகிறோம், கண்ணாடியை இறக்குகிறோம், “ஆயிரத்துக்குப் போடுப்பா” என்கிறோம். மூடியைத் திறப்பது, போடுவது, மூடுவது, பணம் வாங்குவது எல்லாம் பங்க் ஊழியர் வேலை. பல நாடுகளில் ஓட்டுநரே இறங்கிப் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். நம் ஊரில் அந்த வழக்கமே இல்லை. 40 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர்கூடப் பெட்ரோல் குழாயைக் கையால் தொட்டிருக்க மாட்டார்.

மின்சாரச் சார்ஜருக்கு வந்தால் அத்தனை வேலையும் ஒரே நாளில் ஓட்டுநர் தலையில் ஏறிவிடுகிறது. வரிசையாகப் பார்த்தால்:

1. அந்தச் சார்ஜரை நடத்தும் நிறுவனத்தின் செயலியைப் போனில் ஏற்ற வேண்டும். டாடா பவர், ஜியோ-பிபி, ஸ்டாட்டிக், கோவையைச் சேர்ந்த ஸீயான் என்று ஆளுக்கொரு செயலி.
2. பெயர், எண் கொடுத்து, ஓடிபி போட்டுப் பதிவு செய்ய வேண்டும்.
3. பல செயலிகளில் முன்கூட்டியே வாலட்டில் பணம் போட வேண்டும். மீதிப் பணம் அங்கேயே தங்கிவிடும்.
4. கியூஆர் குறியை ஸ்கேன் செய்து, எந்தக் கன் என்று தேர்வு செய்ய வேண்டும்.
5. கன்னை எடுத்துக் காரில் மாட்ட வேண்டும்.
6. காரும் சார்ஜரும் ஒன்றோடொன்று ‘பேசி’ முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பேச்சுவார்த்தை முறிந்தால் திரும்பவும் முதலிலிருந்து.
7. முடிந்ததும் செயலியில் நிறுத்தி, காரின் பூட்டை விடுவித்து, கன்னைக் கழற்றி, பழைய இடத்தில் மாட்ட வேண்டும்.

இளைஞருக்கே இதில் இரண்டு இடத்தில் எரிச்சல் வரும். வயதானவருக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு தடை. சின்ன எழுத்து, ஆங்கிலம் மட்டும் உள்ள திரை, நேரம் கடந்தால் காலாவதியாகும் ஓடிபி, ஸ்கேன் செய்யும்போது நடுங்கும் கை.

உடல் சார்ந்த சிரமம் இன்னொரு பக்கம். வேகச் சார்ஜரில் நேர் மின்சாரம் பெரிய அளவில் பாய்வதால் கேபிள் தடிமனாக, கனமாக இருக்கும். இப்போது நம் நாட்டில் விற்கும் பெரும்பாலான கார்களுக்கான சிசிஎஸ்-2 கன்னும் பெரியதுதான். அதை ஒரு கையால் தூக்கி, நேராகப் பிடித்து அழுத்த வேண்டும். மூட்டுவாதம் உள்ள விரல்களுக்கு இது லேசான வேலை இல்லை. கேபிள் எட்டாவிட்டால் வண்டியை மறுபடியும் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். சார்ஜர் உயரமான திண்டின் மேல் இருந்தால் ஏறி இறங்க வேண்டும்.

அதற்கப்புறம் காத்திருப்பு. வண்டியையும் சார்ஜரின் திறனையும் பொறுத்து அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். நிழல், உட்கார இடம், கழிப்பறை இல்லாத இடத்தில் சர்க்கரை நோய் உள்ள ஒருவர் அந்த நேரத்தை எப்படிக் கழிப்பார்?

உப்புக் காற்று சேர்ந்துகொண்டால்?

மரக்காணம் போன்ற கடற்கரையில் கூடுதல் தொல்லைகள் உண்டு. உப்பளத்துக்கு நல்லதான வெயிலும் காற்றும் இயந்திரத்துக்கு எதிரி. உப்பு படிந்த ஈரக் காற்று உலோகத்தை அரிக்கும், இணைப்புகளைக் கெடுக்கும். வெயிலில் ஸ்டிக்கர்கள் வெளுத்துப்போகும். உதவி எண்ணும் கியூஆர் குறியும் அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

புயலும் இங்கே புதிதல்ல. 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலையும், 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலையும் இந்தக் கரை பார்த்திருக்கிறது. ஃபெஞ்சலில் மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. இப்படிப்பட்ட இடத்தில் ‘சார்ஜர் வேலை செய்கிறதா, இல்லையா’ என்பது வந்து நின்ற பிறகு தெரியும் சங்கதியாக இருக்கக் கூடாது. அடுத்த சார்ஜருக்கு நடுராத்திரியில் தேடிப் போகச் சொன்னால் 30 வயதுக்காரர் போவார். 70 வயதுக்காரரை அப்படி அனுப்பலாமா?

விதிகள் என்ன சொல்கின்றன?

சார்ஜ் செய்து தருவது மின்சார விற்பனை அல்ல, ஒரு சேவை. அதற்கு உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள், நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று இலக்கு வைத்தன. பிறகு 2019, 2022, 2024 என்று அவை திருத்தப்பட்டன. 2022 டிசம்பரில் ‘இவி யாத்ரா’ என்ற செயலியை எரிசக்தித் திறன் அமைப்பு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி சார்ஜர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது.

எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் இந்தக் கணக்குகளின் அடிப்படை என்ன? எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று, எத்தனை கிலோவாட், எத்தனை கோடி. சார்ஜரின் முன்னால் வந்து நிற்கும் மனிதரால் அதைப் பயன்படுத்த முடிகிறதா என்பது இலக்கில் வரவில்லை. 25 கிலோமீட்டருக்கு ஒன்று இருந்தும் தன்னால் இயக்க முடியாது என்றால், அவரைப் பொறுத்தவரை அங்கே சார்ஜர் இல்லை என்றுதான் அர்த்தம்.

சட்டம் இந்தப் பக்கம் கண் திறந்துகொண்டுதான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அணுகல் வசதிக்கான தரங்கள் வெறும் ஆலோசனையாக இருக்க முடியாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. எண்மச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பில் கூறியது. இவை சார்ஜர்களைப் பற்றிய வழக்குகள் அல்ல. ஆனால் செயலி இல்லாமல் சேவை இல்லை என்று நிற்கும் எந்த இயந்திரத்துக்கும் இந்தத் தீர்ப்புகளின் உணர்வு பொருந்தும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

பிரிட்டனில் 2023-ல் கொண்டுவந்த விதிகளின்படி, பொது இடத்தில் புதிதாக வைக்கும் 8 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சார்ஜர்களிலும், ஏற்கெனவே உள்ள வேகச் சார்ஜர்களிலும் வங்கி அட்டையைத் தட்டிப் பணம் கட்டும் வசதி கட்டாயம். விலையை ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று தெளிவாகக் காட்ட வேண்டும். 24 மணி நேரமும் கட்டணமில்லா உதவி எண் இருக்க வேண்டும். வேகச் சார்ஜர் வலையமைப்புகள் ஆண்டு சராசரியாக 99 சதவீத நேரம் இயங்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டே, எல்லோரும் பயன்படுத்தக்கூடிய சார்ஜர் எப்படி இருக்க வேண்டும் என்று பாஸ் 1899 என்ற தரநிலை அங்கே வெளியானது. திரையின் உயரம், கேபிளைக் கையாளத் தேவைப்படும் பலம், தரையின் மட்டம், சுற்றியுள்ள இடம் எல்லாம் அதில் பேசப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2024 ஏப்ரலிலிருந்து, பதிவு செய்யாமலே வந்து பணம் கட்டிச் சார்ஜ் செய்துகொள்ளும் வசதி சட்டமாகியிருக்கிறது.

நாமும் இதைச் செய்யாதவர்கள் அல்ல. ஏடிஎம் வந்த புதிதில் பார்வையற்றவர்களுக்கு அது வெறும் இரும்புப் பெட்டிதான். 2014 ஜூலையிலிருந்து புதிதாக வைக்கும் ஏடிஎம்கள் எல்லாம் பேசும் ஏடிஎம்களாக, பிரெய்ல் விசைகளோடு இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களும் யுபிஐ பயன்படுத்த 2022-ல் ‘யுபிஐ 123பே’ வந்தது. மின்தடைப் புகாருக்குத் தமிழ்நாட்டில் 2021-ல் ‘மின்னகம்’ திறக்கப்பட்டது. ஒரே எண், மறுமுனையில் மனிதக் குரல். சார்ஜருக்கு மட்டும் ஏன் முடியாது?

என்ன செய்யலாம்?

எளிய வழி ஒன்று இருக்கிறது. சார்ஜருக்காகத் தனியாக ஆள் வைக்க முடியாது என்பது நடத்துகிறவர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. ஒரு நாளைக்கு நாலைந்து வண்டி வரும் இடத்தில் சம்பளம் கட்டுப்படியாகாது. ஆனால் அதையே திருப்பிப் போடலாம் அல்லவா? சார்ஜருக்கு ஆள் வேண்டாம், ஏற்கெனவே ஆள் இருக்கிற இடத்தில் சார்ஜரை வைப்போம்.

பெட்ரோல் பங்க்குகளில் 7,432 வேகச் சார்ஜர்கள் வைக்க மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு மத்திய அரசு 2023 மார்ச்சில் 800 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தப் பங்க்குகளில் ஊழியர் இருக்கிறார், விளக்கு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: ‘சார்ஜ் போட வந்தவர் கேட்டால் ஊழியர் உதவ வேண்டும்’ என்ற ஒரு வரி. பொதுப் பணம் வாங்கும் எந்தச் சார்ஜருக்கும் அந்த ஒரு வரியை நிபந்தனையாக வைக்கலாம். கன்னை மாட்டவும் கழற்றவும், கோளாறு என்றால் அவசர பட்டனை அழுத்தவும் ஒரு நாள் பயிற்சி போதும். உணவகங்களில், சுற்றுலா விடுதிகளில் வைக்கும் சார்ஜர்களுக்கும் இது பொருந்தும்.

அதோடு சேர்த்து வேண்டியவை:

• செயலி இல்லாமல் பணம் கட்டும் வழி. பெட்டிக்கடையிலேயே யுபிஐ இருக்கிறது. அதே போல் ஸ்கேன், பணம், சார்ஜ். ரொக்கம் கொடுத்தால் பங்க் ஊழியர் போட்டுவிடும் வசதியும் வேண்டும்.

• தமிழ்த் திரை, பெரிய எழுத்து, பேசும் வழிகாட்டல், வெயில் மறைப்பு.

• மாநிலம் முழுக்க ஒரே உதவி எண். எந்த நிறுவனத்தின் சார்ஜராக இருந்தாலும் தொலைவிலிருந்தே இயக்கிவிடும் அதிகாரம் அவர்களுக்கு இருக்க வேண்டும். ‘ஆப் டவுன்லோட் பண்ணுங்க’ என்று சொல்வதற்கு உதவி மையம் எதற்கு?

• கேபிள் பாரத்தைத் தாங்கும் தொங்கு கம்பி, திண்டு இல்லாத சமதரை, கூரை, ஒரு நாற்காலி.

• இயங்காத சார்ஜரை வரைபடத்தில் உடனே ‘வேலை செய்யவில்லை’ என்று காட்டும் கட்டாயம். கடற்கரைச் சார்ஜர்களுக்கு உப்பு அரிப்பைப் பார்க்கும் தனிப் பராமரிப்பு அட்டவணை.

மரக்காணத்துக்கு இதில் ஒரு ஆதாயமும் உண்டு. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தைத் தமிழக அரசு அறிவித்தது. சார்ஜரோடு ஒரு டீக்கடை, கழிப்பறை, பராமரிப்பு என்று மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தால் நாலு குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலையான வருமானம் வரும். பெரிய தொகை ஆகாதுதான். ஆனால் சார்ஜ் ஏறும் அரை மணி நேரத்தில் வண்டியில் வந்தவர் எங்காவது உட்கார்ந்து ஒரு டீயாவது குடிப்பார். அந்தக் காசு ஊருக்குள் தங்கட்டும்.

‘கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிடுமே?’

கன்னை மாட்டினாலே காரை அடையாளம் கண்டு பணம் எடுத்துக்கொள்ளும் தொழில்நுட்பம் வந்துகொண்டிருக்கிறது. எல்லாச் சார்ஜர்களையும் ஒரே செயலியில் கொண்டுவரும் முயற்சியும் நடக்கிறது. வரட்டும், வரவேற்போம். ஆனால் அதுவும் கன்னைத் தூக்கித் தராது, நிழல் தராது, கோளாறு வந்தால் பக்கத்தில் நிற்காது. தவிர, இன்று 68 வயதில் இருப்பவருக்கு ‘பத்து வருஷத்தில் சரியாகும்’ என்பது பதிலே அல்ல.

அதுவரை மூத்த ஓட்டுநர்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் சில வழிகள்: போகும் பாதையில் உள்ள இரண்டு நிறுவனங்களின் செயலிகளை வீட்டிலேயே பிள்ளைகள் உதவியோடு ஏற்றி, சின்னத் தொகை போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். தட்டினால் இயங்கும் ஆர்எஃப்ஐடி அட்டை தரும் நிறுவனமாக இருந்தால் கேட்டு வாங்குங்கள். பேட்டரி 30 சதவீதத்துக்கு இறங்கும் முன்பே நிறுத்துங்கள். ஆள் இருக்கும் பங்க் அல்லது உணவகத்துச் சார்ஜரையே தேர்ந்தெடுங்கள். உதவி செய்கிறேன் என்று போனில் ஓடிபி கேட்பவரிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

ஆனால் இவையெல்லாம் தற்காலிக ஒட்டுதான். நம் மாநிலம் 2019-லேயே மின்வாகனக் கொள்கை கொண்டுவந்து, 2023-ல் அதைப் புதுப்பித்தது. ஒரு உப்பளக் கரையான தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் மின்கார் ஆலையே திறந்துவிட்டோம். கார் செய்யத் தெரிந்த ஊருக்கு, இன்னொரு உப்பளக் கரையில் 68 வயதுக்காரர் ஒருவர் யாரையும் கெஞ்சாமல் சார்ஜ் போட்டுக்கொண்டு போகும் ஏற்பாட்டைச் செய்யத் தெரியாதா?

பங்க்கில் கண்ணாடியை இறக்கி “போடுப்பா” என்று சொன்ன அந்தச் சுலபம் புதிய வண்டியிலும் தொடர வேண்டும். மூத்தவர்கள் கேட்பது அவ்வளவுதான். அது இன்றைய இளைஞர்களுக்கும் ஒரு நாள் தேவைப்படும்.